இரண்டு பேருக்கும் முட்டி வலி

டோக்கன் பதினேழு என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவும், மூலை நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆள் அதை இறக்கவும் சரியாக இருந்தது. பார்த்தால் எங்கள் எதிர் வீட்டுப் பெயிண்டர். இரண்டு பேர் தலைக்கும் மேலே ‘மனநல மருத்துவர்’ என்று முழ நீளத்துக்குப் பலகை.

“முட்டி வலிதான்க்கா” என்றான், நான் கேட்காமலேயே.

“எனக்கும் அதேதான் தம்பி.”

“ரெண்டு முட்டியுமா?”

“ரெண்டுந்தான்.”

எங்கள் கட்டடத்தில் ஐம்பத்திரண்டு வீடு. எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்த வீட்டு மாப்பிள்ளை வேலை போனதை மறைத்துக்கொண்டு தினமும் காலையில் பையோடு கிளம்புகிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எனக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர் வைத்திருப்பதும் தெரியும், வைத்தது யார் என்பதும் தெரியும். அப்படிப்பட்ட வாய் இந்த ஒரு சங்கதியில் மட்டும் தையல் போட்டதுபோல் மூடிக்கொண்டது. காரணம் இரண்டாம் மாடியில் இருக்கும் என் சம்பந்தியம்மா. மகளை அதே கட்டடத்தில் கொடுத்தது என் புத்திசாலித்தனம். யாரையாவது கழித்துக்கட்ட வேண்டுமானால் அந்த அம்மாள் சொல்லும் வார்த்தை, “மண்டை மாத்திரை சாப்பிடுற குடும்பம்.” அதற்கு மேல் விசாரணை கிடையாது.

போன வருஷம் எனக்கு எதற்கென்று தெரியாமல் அழுகை வந்தது. காய் நறுக்கினால் அழுகை, துணி மடித்தால் அழுகை. வாசல் மணி அடித்தால் நெஞ்சு தொண்டைக்கு வந்துவிடும். மாத்திரை ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் அதைவிட மோசம். வாய் காய்ந்தது, குமட்டியது, விடாமல் கொட்டாவி. என் வீட்டுக்காரர் தன் பேச்சைக் கேட்டுத்தான் கொட்டாவி விடுகிறேன் என்று கோபித்துக்கொண்டார். அதில் பாதிக்கு மாத்திரை பொறுப்பில்லை. சுண்ணாம்புச் சத்து மாத்திரை டப்பாவுக்குள் இதைப் போட்டு, அவர் கண்ணெதிரிலேயே விழுங்கினேன். ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள், பக்கத்து வீட்டில் மாமியாரும் மருமகளும் கத்திக்கொள்ளும் சத்தம் கேட்டு, அடுப்பை அணைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றேன். நின்ற பிறகுதான் உறைத்தது, எனக்குக் குணமாகிக்கொண்டிருக்கிறது.

இந்த மாதம் எங்கள் கட்டடத்துக்கே வெள்ளையடிப்பு. மொட்டை மாடியிலிருந்து இரண்டு கயிறு, நடுவில் ஒரு பலகை, பலகையில் எதிர் வீட்டுத் தம்பி. வேலை ஆரம்பித்த இரண்டாம் நாள் மாடிப்படியில் அவனைப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தான். நான் கூப்பிட்டதும் தலையை மட்டும் திருப்பவில்லை. தண்ணீர் ததும்பும் குடத்தைத் திருப்புவதுபோல உடம்பை முழுசாகத் திருப்பினான்.

அந்தத் திரும்பல் எனக்குத் தெரியும். தங்கை வீட்டுக்குப் போனபோது டப்பாவை மறந்து நாலு நாள் மாத்திரை இல்லாமல் இருந்தேன். மூன்றாம் நாள் கண்ணைத் திருப்பினால் மண்டை ஒரு நொடி பிந்தி வந்தது. உள்ளே கம்பியைத் தொட்டதுபோல ஒரு வெட்டு, அந்த ஒரு நொடி கால் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. ஓடிப்போய் டாக்டரிடம் திட்டு வாங்கினேன். நிறுத்துவதானால் தன்னிடம் சொல்லிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார்.

“மாத்திரை ஒழுங்காப் போடுறியா?” என்றேன், குரலைத் தாழ்த்தி.

“அதெல்லாம் விட்டாச்சுக்கா. இன்னையோட ஆறு நாள்.”

“டாக்டர்கிட்ட சொன்னியா?”

“எதுக்கு? அதைப் போட்டா அழுகை வரல, சரி. சிரிப்பும் வரலையே. ரெண்டு வெள்ளையைக் காட்டி எது நல்லாருக்குன்னு கேக்குறாங்க. வித்தியாசம் தெரியுது, எது நல்லாருக்குன்னு தெரியல. அது தெரியாம நான் என்ன பெயிண்டர்?”

“அதையே அவர்கிட்ட போய்ச் சொல்லேன். வேற மாத்திரை குடுப்பாரு. தலை சுத்துதில்ல?”

“பழகிடும்.” இரண்டு படி இறங்கிவிட்டு நின்றான். “அக்கா, இது நம்ம ரெண்டு பேரோட. எங்க வீட்ல சொன்னீங்கன்னா, உங்க முட்டி வலியைப் பத்தி நானும் ரெண்டாவது மாடியில சொல்லவேண்டி வரும்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை.

மறுநாள் அவன் பெண்டாட்டியிடம் நூல் விட்டுப் பார்த்தேன். “தம்பி சரியாத் தூங்குறாராம்மா?”

“எங்கக்கா, பொரண்டுகிட்டே கெடக்காரு. ஆனா பழைய மனுஷனா ஆயிட்டாரு. நேத்து சுவரைப் பாத்துக்கிட்டே நின்னாரு. என்னன்னா, ‘நான் பாக்கல, அதுதான் என்னைப் பாக்குது’ங்கிறாரு. ஒரு வருஷத்துக்கு அப்புறம் ஜோக்கு!” அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சொல்ல வாயைத் திறந்தேன். சம்பந்தியம்மா படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. “ஆமா, நல்ல ஜோக்குதான்” என்றேன்.

அதற்கப்புறம் என்னால் ஜன்னலை விட்டு நகர முடியவில்லை. வேவு பார்ப்பதில் எனக்கு அனுபவம் உண்டு, ஆனால் இப்படி அடுப்பைக்கூட மறந்து ஒருவரையும் பார்த்ததில்லை. இன்று காலை பலகை என் ஐந்தாம் மாடி அடுப்படி ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. இடுப்பில் பெல்ட் இருந்தது. அதன் கொக்கி கயிற்றில் மாட்டாமல் தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

“தம்பி, கொக்கியை மாட்டு.”

“கைக்கு இடைஞ்சலா இருக்குக்கா.” பேச்சுக்காக என் பக்கம் திரும்பினவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். பெயிண்ட் உருளை பலகையில் விழுந்து உருண்டது. வெள்ளைக் கையால் கயிற்றைத் துழாவினான். முதல் தடவை கயிறு கைக்குக் கிடைக்கவில்லை.

கீழே அவன் பெண்டாட்டி, வாட்ச்மேன், வெயிலில் துணி உதறிக்கொண்டிருந்த சம்பந்தியம்மா. “ரேடியோ அக்கா, அவரை வேலை செய்ய விடுங்க!” என்று அவன் பெண்டாட்டி கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினேன். “அவரை இறக்குங்க! மனசுக்குச் சாப்பிடுற மாத்திரையைப் பட்டுனு நிறுத்திட்டாரு, தலை சுத்துது!”

“என்ன மாத்திரை? உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் அவன் பெண்டாட்டி.

“நானும் அதைத்தான் சாப்பிடுறேன்!”

சிரிப்பு நின்றது. துணி உதறும் சத்தம் நின்றது. பக்கத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கீழே அத்தனை முகமும் அண்ணாந்து, வாய் பிளந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பலகையை ஒருவரும் பார்க்கவில்லை. அவன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த இடதுபக்கம் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. விழுந்த உருளை சரிவில் மெதுவாக உருண்டு, விளிம்பில் ஒரு கணம் நின்று, வெள்ளைக் கோடு இழுத்தபடி காற்றில் இறங்கியது.