எட்டாம் வகுப்பிலிருந்து ஸ்கர்ட்

"மாணவியோட தாயார்தானே பேசறது?"

பதினைந்து வருஷமாக நாத்தனாராக இருப்பவள் தொலைபேசியில் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு நின்ற மாணவியின் அம்மா, குரலைத் தாழ்த்தவே இல்லை.

"ஆமாங்க மேடம். மாணவியோட அத்தைதானே பேசறது?"

"பள்ளிக்கூட நேரத்துல நான் துணைத் தலைமையாசிரியை. உன் பொண்ணு இன்னிக்கும் பேன்ட் போட்டுட்டு வந்திருக்கா. ஒண்ணு ஸ்கர்ட் எடுத்துட்டு வா, இல்லேன்னா கூட்டிட்டுப் போ. மூணு நாளா ஆபீஸ் வாசல் பெஞ்சைத் தேய்ச்சுட்டு இருக்கா" என்று சொல்லிவிட்டு லைனைத் துண்டித்தாள்.

சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. ஈரப் போர்வைகளைச் சூடான உருளைக்குள் இரண்டு பேர் பிடித்துக் கொடுக்க, மறுபக்கம் இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். பதினொரு பேர் அவள் கண் அசைவுக்கு வேலை செய்வார்கள். அன்று அவள் முகத்தைப் பார்த்த பதினொரு பேரும் போர்வையிலேயே கண்ணாக இருந்தார்கள்.

விஷயம் சின்னதுதான். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு தாளாளர் வந்திருந்தார். வந்த கையோடு ஒரு சுற்றறிக்கை விட்டார்: எட்டாம் வகுப்பிலிருந்து மாணவிகள் அனைவரும் ஸ்கர்ட் மட்டுமே அணிய வேண்டும். அதுவரை பேன்ட்டோ ஸ்கர்ட்டோ எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. பெரும்பாலான பெற்றோர் முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போய் வாங்கிவிட்டார்கள். அவளும் வாங்கத்தான் செய்தாள். ஆனால் அவள் மகள் சைக்கிளில் போகிறவள். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்றே பெயர். ஸ்கர்ட் போட்டுக்கொண்டு போன இரண்டாம் நாளே துணி செயினில் மாட்டி, பெரிய சாலைத் திருப்பத்தில் குப்புற விழுந்தாள். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தாள். முழங்காலுக்குக் கீழே ஏழு தையல்.

தையல் பிரித்த மறுநாள் அம்மாவே பேன்ட்டை இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்தாள். "யாராவது கேட்டா எங்கம்மா போடச் சொன்னாங்கன்னு சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

மிச்சம் என்றால் நாத்தனார். தாளாளர் எழுதிய விதியை வாசலில் நின்று ஒவ்வொரு பெண்ணாக மேலும் கீழும் பார்த்து நிறைவேற்றுவது அவள்தான். தம்பிக்குக் கல்யாணம் பேசிய நாளிலேயே, "ஆஸ்பத்திரியில துணி துவைக்கற பொண்ணா?" என்று பெண்வீட்டார் காதில் விழும்படி கேட்டவள். அந்த ஒரு கேள்வி பதினைந்து வருஷமாக ஆறவே இல்லை. வெளியே எல்லாம் முறையாகத்தான் நடந்தது. இவள் அண்ணி என்று கூப்பிடுவாள், நாத்தனார் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுவாள், போனதும் கதவைச் சாத்துகிற சத்தத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

தொலைபேசி வந்த அன்று அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேராகப் பள்ளிக்குப் போனாள். அலுவலக வாசல் பெஞ்சில் பம்பரம் மடியில் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும், "சண்டை போடப் போறியா?" என்றாள்.

"பேசப் போறேன்."

"அதான் கேட்டேன்" என்றாள் பம்பரம்.

நாத்தனார் நாற்காலியைக் காட்டவில்லை. அவளும் உட்காரவில்லை.

"என் தம்பி பொண்ணுங்கறதுக்காக விதியை வளைச்சேன்னு வை, நாளைக்கு ஊரே என்னைக் காறித் துப்பும்" என்றாள் நாத்தனார்.

"என் பொண்ணுக்காக வளைக்கச் சொல்லி யார் கேட்டா? எல்லாப் பொண்ணுங்களுக்கும் அந்த விதியை எடுத்துடுங்கன்னு கேக்கறேன். சைக்கிள்ல வர்றது இவ ஒருத்தியா?"

"எதுக்கு இந்த விதின்னு ஒவ்வொருத்தரும் வந்து கேட்டா பள்ளிக்கூடம் நடத்த முடியாது. உன் ஆஸ்பத்திரியில நீ வெள்ளைப் போர்வைக்குப் பதிலா பூப்போட்ட போர்வை அனுப்புவியா?"

"பூப்போட்ட போர்வையால ஒரு நோயாளி லாரிக்கு முன்னால விழுந்ததில்ல, அண்ணி."

நாத்தனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இங்க அண்ணி கிண்ணியெல்லாம் வேண்டாம்."

"சரிங்க மேடம். நாளைக்கும் அவ பேன்ட்தான் போட்டுட்டு வருவா. பெஞ்சைத் தயாரா வைங்க."

மறுநாளும் பேன்ட். அதற்கு அடுத்த நாளும் பேன்ட். ஐந்தாம் நாள் மாலை பம்பரம் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்து, "உள்ள விட்டுட்டாங்கம்மா! ஒண்ணுமே சொல்லல!" என்றாள். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் சலவைக்கூடத்தில் ஒவ்வொருத்தரையும் நிறுத்திச் சொன்னாள். "நாம கொஞ்சம் நிமிர்ந்து நின்னா போதும். அவங்களா இறங்கி வருவாங்க." கணவனிடமும் சொன்னாள். பஸ் பணிமனையில் எஞ்சின் பிரித்துப் பூட்டுகிற அவன், கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "ம், நல்லதாப் போச்சு" என்றான். வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜெயித்த மிதப்பில் கண் மறைத்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துத்தான் வீட்டில் ஏதோ குறைகிறது என்று உறைத்தது. குறைந்தது சத்தம். பம்பரம் சுற்றுவதை நிறுத்தியிருந்தாள். பள்ளியிலிருந்து வந்ததும் அறைக்குள் போய்விடுவாள். மதியச் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே திரும்பி வந்தது. ஒரு வியாழக்கிழமை அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, எனக்கு ஏதாச்சும் தோல் வியாதி இருக்கா? இருந்தா மறைக்காம சொல்லிடு."

"யாருடி சொன்னது?"

"பதிவேட்டுல போட்டிருக்காம். புது டீச்சர் வருகை எடுக்கும்போது சத்தமாப் படிச்சாங்க. 'தோல் நோய் காரணமாக பேன்ட் அணிய அனுமதி'ன்னு. அன்னிலேர்ந்து என் பக்கத்துல யாரும் உக்காரல. விளையாட்டு சார் என்கிட்ட பந்தைக் குடுக்கும்போது தரையில உருட்டி விடறாரு."

மடித்த துணி கையிலேயே இருந்தது. நாத்தனார் இறங்கி வரவில்லை. விதியும் அசையவில்லை. விதியைக் காப்பாற்றுவதற்காகப் பெண்ணின் உடம்பில் ஒரு நோயை ஏற்றியிருந்தாள்.

கணவன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். தலையைக் குனிந்துகொண்டே, "அக்காதான் பணிமனைக்கு வந்து கேட்டா. பெத்தவங்க கையெழுத்து ஒண்ணு இருந்தா போதும், பிரச்சினையே இல்லைன்னா. தினம் தினம் ரெண்டு பேரும் முட்டிக்கறீங்க. நடுவுல மாட்டிட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். போட்டுக் குடுத்தேன்" என்றான்.

"படிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"தோல் நோய்னு எழுதியிருந்தது தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"சும்மா காகிதத்துலதானே..."

அதற்கு மேல் அவள் அவனிடம் பேசவில்லை. பன்னிரண்டு நாள் பேசவில்லை. தட்டை அவன் முன்னால் வைக்கிற சத்தம்தான் பேசியது.

மறுநாள் காலை அவளால் உடனே கிளம்ப முடியவில்லை. அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குப் பச்சை அங்கிகள் அனுப்பியாக வேண்டும். வேலையை இன்னொருத்தியிடம் ஒப்படைக்கப் பத்து மணி ஆகிவிட்டது. அவள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பம்பரம் மறுபடியும் அதே பெஞ்சில் இருந்தாள். பேன்ட்டின் இரண்டு காலும் முழங்காலுக்கு மேலே சுருட்டிவிடப்பட்டிருந்தது.

"என்னடி கோலம் இது?"

"முதல் பீரியட்ல மேசை மேல ஏறி நின்னேன். பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினேன். 'நல்லாப் பாத்துக்குங்க, ரெண்டு கால், ஒரு தழும்பு, அதுவும் உங்க ஸ்கர்ட் குடுத்தது'ன்னேன். சிலர் கை தட்டினாங்க. டீச்சர் ஒழுங்கீனமா உடை உடுத்தியிருக்கேன்னு வெளிய அனுப்பிட்டாங்க."

"இறக்கி விட்டுக்கோ."

"மாட்டேன். எல்லாரும் பாக்கட்டும்."

அம்மா வற்புறுத்தவில்லை. கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். உள்ளே நாத்தனாருடன் தாளாளரும் இருந்தார். தலைமுடியை ஒட்டச் சீவிய, சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லாத மனிதர். இஸ்திரி நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று அந்த நேரத்திலும் அவள் கண் கவனித்தது.

"என் பொண்ணு உடம்புல இல்லாத வியாதியை எழுத உங்களுக்கு உரிமை குடுத்தது யாரு?"

"உன் வீட்டுக்காரன். அவன் கையெழுத்து இருக்கு" என்றாள் நாத்தனார். குரல் கொஞ்சமும் ஆடவில்லை. "அவ படிப்பு கெடக்கூடாதுன்னு செஞ்சேன். நீ வீம்பு பிடிச்சு அவளைப் பெஞ்சுல உக்கார வச்சே. நான் வகுப்புக்குள்ள உக்கார வச்சேன். யார் நல்லது செஞ்சது?"

"நல்லதா? அவ பக்கத்துல ஒரு குழந்தை உக்கார மாட்டேங்குது. பந்தை உருட்டி விடறாங்க. நாய்க்குப் போடற மாதிரி. வெளிய வந்து உங்க நல்லதைப் பாருங்க."

தாளாளர் நடுவில் புகுந்தார். "ஒரு நிமிஷம். அனுமதி குடுத்தது எதை வச்சு? மருத்துவர் சான்று எங்க?"

நாத்தனார் பதிவேட்டை மூடி ஓரமாக நகர்த்தினாள்.

"சான்று இல்லையா? சான்றே இல்லாம பதிவேட்டுல எழுதினீங்களா? வாசல்ல நின்னு எல்லாரையும் விரட்டறது நீங்க. உங்க தம்பி மகளுக்கு மட்டும் கள்ளக் காரணம் எழுதி உள்ள விட்டதும் நீங்க. நாளைக்கு ஒருத்தர் வெளியில போய்ச் சொன்னா பள்ளிக்கூடத்து மானம் என்ன ஆகும்?" ஒரு வேலைக்காரியிடம் பேசுவதுபோல் பேசினார். இருபத்தாறு வருஷம் அந்தப் பள்ளியில் வேலை பார்த்தவள் நாத்தனார். அந்த மனிதர் வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பதினைந்து வருஷமாகக் காத்திருந்த சந்தோஷம். ஆனால் நாக்கில் வைத்ததும் கசந்தது. தன் கணக்கைத் தீர்க்க இந்த ஆளா வர வேண்டும் என்று எரிச்சலாக வந்தது.

"சார்" என்றாள். "அவங்க பண்ணினது தப்பு. அது எனக்கும் அவங்களுக்கும். ஆனா அவங்களை அந்தப் பொய்ய எழுத வச்சது உங்க சுற்றறிக்கை. என் பொண்ணு லாரிக்கு முன்னால விழுந்ததும் அதே சுற்றறிக்கையாலதான். மானத்தைப் பத்திப் பேசணும்னா அதையும் வெளியில போய்ப் பேசலாம். எங்க இஸ்திரிப் பிரிவுல மட்டும் பன்னெண்டு பேர் இருக்கோம், எல்லார் வீட்டுலயும் ஸ்கூல் போற பிள்ளைங்க இருக்கு."

தாளாளர் சன்னலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில், சைக்கிளில் வரும் மாணவிகள் மட்டும் பேன்ட் அணியலாம், அதற்கு சைக்கிள் நிறுத்தத்தில் டோக்கன் வாங்கிக் காட்ட வேண்டும் என்று திருத்தம் போடுவதாகச் சொன்னார். அவர் மானமும் விதியும் இரண்டும் பிழைத்தன.

"பதிவேட்டுல இருக்கறதை அடிக்கணும்" என்றாள் அவள். "சத்தமாப் படிச்சாங்களே, அதே மாதிரி வகுப்புல சத்தமாச் சொல்லணும்."

"அதுக்கு நீ சொல்லித் தர வேண்டாம்" என்று எழுந்தாள் நாத்தனார்.

அன்று வகுப்பில் நடந்ததைப் பம்பரம் வந்து சொன்னாள். அத்தை கரும்பலகைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாளாம். "இந்த மாணவிக்கு எந்த நோயும் கிடையாது. பதிவேட்டில் எழுதியது நான். தவறு என்னுடையது" என்றாளாம். யார் மேலும் பழி போடவில்லை, குரலும் தழுதழுக்கவில்லை. பிறகு எல்லார் கண் முன்னாலும் அந்த வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டாளாம்.

மாலையில் மகளைப் பார்க்க அம்மா போனபோது, பள்ளி வாசலில் நாத்தனாரும் அவளும் எதிரெதிரே வந்துவிட்டார்கள்.

"திருப்திதானே?" என்றாள் நாத்தனார். "அந்த ஆள் முன்னால என்னைத் தலைகுனிய வச்சுட்டே. இனிமே செத்தாலும் உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்."

"மிதிக்காட்டி படி தேயாம இருக்கும், அண்ணி."

அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. சொன்னதைச் செய்கிறவள் நாத்தனார். அதற்குப் பிறகு வரவே இல்லை. தம்பியைப் பார்க்க வேண்டுமென்றால் பணிமனைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பள்ளியில் டோக்கன் வேடிக்கையாகப் போனது. ஒரே மாதத்தில் அறுபத்து மூன்று பெண்கள் சைக்கிள் டோக்கன் வாங்கிவிட்டார்கள். நிறுத்தத்தில் இருந்த பெண்கள் சைக்கிளோ பத்தொன்பதுதான். காலையில் நாத்தனார் வாசலில் நின்று டோக்கன்களைப் பார்ப்பாள். சைக்கிள் எங்கே என்று மட்டும் ஒருத்தியையும் கேட்பதில்லை. தாளாளருக்கு அது தெரியுமா தெரியாதா என்று யாருக்கும் தெரியாது.

பம்பரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். வடிவியலில் அத்தையை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றாள். அம்மா தடுக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு திரும்பி வந்தவள், தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள்:

"அத்தை உன்னைப் பத்தி ஒரு வார்த்தைகூடக் கேக்கல."

"நானும் கேக்கல" என்றாள் அம்மா. அடுத்த சட்டையை எடுத்து உதறி, காலரிலிருந்து தேய்க்கத் தொடங்கினாள்.