இடுப்பைச் சுற்றிய சிவப்பு வட்டம்

இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுகிறவருக்குக் குனிந்தாலும் வலி, நிமிர்ந்தாலும் வலி. பழைய துணியை நாலாக மடித்து இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு, காண்ட்ராக்டரின் தகரக் கொட்டகை வாசலில் வாரக் கூலிக்காக நின்றார். அதே பள்ளத்தில் மண் அள்ளும் மச்சினனும் பக்கத்தில் நின்றான்.

காண்ட்ராக்டர் வெளியே வந்தார். பணப்பையை எடுக்கவில்லை, போனை நீட்டினார்.

"உனக்கெதுக்குய்யா கூலி?"

யாரோ போட்ட வீடியோவின் முகப்புப் படம். அதில் அவரேதான். பள்ளத்திலிருந்து ஒரு மண்பானையைத் தூக்குகிறார். பானை நிறையத் தங்கக்காசு. இடுப்புப் புடைப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அதை நோக்கி ஓர் அம்புக்குறி. மேலே கொட்டை எழுத்தில்: 'தோண்டியவருக்கு அடித்த யோகம்! இடுப்பில் ஒளித்தது என்ன?'

பானை கிடைத்த அன்றைக்குத் தெருவில் போன எவனோ போனைத் தூக்கிப் பிடித்தது அவருக்கு நினைவு வந்தது.

"அது வலிக்குக் கட்டுன துணி சார். பானையில வெறும் மண்ணு. கடைசி வரைக்கும் ஓட்டிப் பாருங்க, நானே கவுத்துக் கொட்டுறேன்."

"அதையெல்லாம் எவன் உட்கார்ந்து பார்ப்பான்? படத்துலதான் போட்டிருக்கே. காதுல பூ சுத்தாதே."

"நீயாவது சொல்லுடா. கூடத்தானே இருந்தே?"

மச்சினன் கால் கட்டைவிரலால் தரையைக் கீறினான். "பானை வந்தப்ப நான் தண்ணி பிடிக்கப் போயிருந்தேன்."

"கேட்டியா? என் வேலையில எடுத்தது எனக்குச் சேரணும். கொண்டா, அப்புறம் கூலியைப் பேசலாம்." மச்சினன் பக்கம் திரும்பினார். "உன் கூலியை உன் மாமன்கிட்டயே வாங்கிக்க. இப்போ அவர்தானே பெரிய மனுஷன்."

வழியில் மச்சினன் குரலைத் தாழ்த்தினான். "மாமா, பாதி வேணாம். கால்வாசி குடு. அக்காகிட்டகூட மூச்சு விடமாட்டேன்."

"அடப்பாவி, தங்கம் இருந்தா இந்த இடுப்போட ஏண்டா மண்வெட்டி பிடிக்கிறேன்?"

"அங்கதான் உன் கெட்டிக்காரத்தனம். உடனே வேலையை விட்டா ஊரே கண்டுபிடிச்சிடுமே!"

வீட்டில் மனைவி எண்ணெய் தேய்க்க இடுப்புத் துணியை அவிழ்த்தாள். உதறினாள். பிறகு அவள் விரல்கள் மடிப்பு மடிப்பாக, ஓரத் தையல் வரை அழுத்திக்கொண்டே போயின.

"என்னத்தைத் தேடுறே?"

"தூசி இருந்துச்சு." துணியை மறுபடி மடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் வேணாங்க. இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். வாடகை கேட்டு வர்ற வீட்டுக்காரம்மாகிட்ட கொஞ்சம் நிமிர்ந்து பேசுவேன்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

காலையில் இருவரும் பள்ளத்துக்கே போனார்கள். போகாவிட்டால் போன வார உழைப்பும் போச்சு. அவர் வெட்டிப் போட்டார். மச்சினன் கூடையைத் தொடவில்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மண்கட்டியையும் கையால் நொறுக்கி, விரலிடுக்கில் சலித்துப் பார்த்தான். வேலை நத்தையாக ஊர்ந்தது. என்றைக்கும் கத்தித் தீர்க்கும் காண்ட்ராக்டர் அன்றைக்குக் கத்தவில்லை. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்டி உடையும்போதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

பள்ளத்துக்குள் இருந்த இரண்டு பேருக்கும் அவர் தர வேண்டிய ஒரு வாரக் கூலி இன்னும் பாக்கி.