தூங்கும் காவலாளியும் அடங்காத சேவலும்

சின்ன மாப்பிள்ளைக்கு அந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்ததே பெரிய மாப்பிள்ளைதான். அதனால் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பாடு முடிந்து, அக்காவும் தங்கையும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், இரண்டு சகலைகள் கூடத்தில் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? பெரியவர் பையிலிருந்து 'ஏழு வாசல்' அட்டைக்கட்டை எடுத்தார். போதாத காலம், வேறென்ன.

ஒன்றும் பெரிய வித்தை இல்லை அது. கையிலிருக்கும் அட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி எதிராளியின் வாசல்களைப் பிடிக்க வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு மனிதர் அல்லது மிருகம், கீழே அதற்கென்று ஒரு சக்தி. அந்த விளையாட்டைத் தயாரிக்கிற கம்பெனி வருஷா வருஷம் ரசிகர்களுக்கு ஒரு போட்டி வைக்கும். நீங்களே ஓர் அட்டை வரைந்து, விதி எழுதி அனுப்பலாம். ஜெயித்த அட்டை அடுத்த அட்டைக்கட்டில் அச்சாகி, வரைந்தவர் பெயரோடு உலகமெல்லாம் போகும். பெரியவர் ஐந்து வருஷமாக அனுப்பிக்கொண்டிருந்தார். முதல் சுற்றைக்கூடத் தாண்டியதில்லை. சாவதற்குள் அந்தக் கட்டில் தன் பெயர் ஒரு தடவை வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

பெரியவருக்குக் கண்ணாடிக் கடை. ஒரு மத்தியானம் லென்ஸின் ஓரத்தை மெஷினில் தேய்த்துக்கொண்டிருந்தபோது, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற சின்னவன் கிரீஸ் கையோடு உள்ளே வந்தான்.

"அண்ணே, சிரிக்கக் கூடாது. நானும் போட்டிக்கு ஒண்ணு வரைஞ்சிருக்கேன்."

சிரிக்கத் தயாராகத்தான் வாங்கிப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் ஒரு கோட்டைக் காவலாளி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. தொப்பை பெல்ட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தது. பக்கத்திலேயே திருடன் ஒருத்தன், இவன் தூக்கம் கலையக் கூடாதே என்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறான்.

"யாருப்பா இந்த ஆளு?"

"சும்மா ஒரு ஆளுண்ணே."

"பெல்ட்டு என்னோடது மாதிரி இருக்கே?"

"பெல்ட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரிதாண்ணே இருக்கும்."

கீழே இரண்டே வரி. 'காவலாளியைத் தூங்க வை. கழித்துப் போட்ட அட்டைகளிலிருந்து ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்.' பெரியவர் அந்த வருஷம் வரைந்திருந்த 'இரட்டைத்தலைப் பேரரசன்' அட்டையில் பதினோரு வரி விதி இருந்தது. அதை எழுத அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

படித்த மாத்திரத்தில் ஓட்டை கண்ணில் பட்டுவிட்டது. எல்லார் கட்டிலும் 'சேவல்' என்று ஒரு சாதாரண அட்டை உண்டு. சேவலை இறக்கினால் தூங்குகிறவர் எழுந்துவிடுவார், எதிராளி கையிலிருந்து ஓர் அட்டையைக் கழிக்க வேண்டும், சேவலும் கழிவுக்குப் போய்விடும். இப்போது இந்தக் காவலாளியைத் தூங்க வைத்தால் அதே சேவல் திரும்பக் கைக்கு வரும். மறுபடி கூவும், மறுபடி இவன் எழுவான், மறுபடி தூங்குவான். எதிராளியின் கை துடைத்துவிட்ட மாதிரி ஆகும்வரை சேவல் அடங்காது. அதற்கப்புறம் ஆட்டம் என்ன ஆட்டம்! 'ஒரு சுற்றில் ஒரு முறை மட்டும்' என்று ஒரு வரி சேர்த்தால் ஓட்டை அடைபட்டுவிடும்.

"சரியா இருக்காண்ணே? ஓட்டை கீட்டை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு உங்க அளவுக்கு விவரம் பத்தாது."

வார்த்தை பெரியவரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பாழாய்ப்போன படம், அவ்வளவு நன்றாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. அனுப்பு," என்றார்.

எப்படியும் முதல் சுற்றிலேயே தூக்கிக் கடாசப் போகிறார்கள், வாயைக் கொடுப்பானேன் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு மெஷினை மறுபடி ஓட விட்டார்.

முதல் சுற்று முடிவு வந்தது. தூங்கும் காவலாளி கடைசிச் சுற்றுக்குப் போய்விட்டான். பெரியவருக்கு வந்த பதில் ஒரு வரி: 'எழுத்து மிகவும் பொடியாக இருப்பதால் படிக்க முடியவில்லை.' தெருவுக்கே கண்ணாடி போட்டுவிடுகிற மனுஷனுக்கு வந்த பதில் அது! அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சிரிப்பு?"

"சிரிக்கலைங்க. இருமல்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சின்னவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. மாமியார் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். "அப்படியே நம்ம பெரிய மாப்ளே சாப்ட்டுட்டு தூங்குற மாதிரியே இருக்கு!" என்றார். மாமனார் வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். பெரியவரும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது, தொப்பை அவருடையது ஆயிற்றே. ஐந்து வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட தான் வாசலிலேயே நிற்க, நேற்றுக் கற்றுக்கொண்டவன் தன் தொப்பையை வைத்தே உள்ளே போய்விட்டான்! பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை, தண்ணீர் குடித்தால்கூட நெஞ்சில் இறங்கவில்லை. மறுநாள் கடையில் ஒரு டீச்சரம்மாவுக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டார். அந்தம்மா போட்டுக்கொண்டு எழுந்து சுவரைப் பிடித்தார்.

"என்னங்க இது, தரை மேல வருது?"

அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போட்டிக் குழுவுக்குச் செய்தி அனுப்பினார். சேவல், காவலாளி, ஓட்டை எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தார். ஆட்டத்தைக் கெடுக்கிற அட்டை நீக்கப்படும் என்பது போட்டி விதி. விதியைச் சொல்வதில் என்ன தப்பு? ரசிகர்கள் கூடும் தளத்தில் அவருக்குக் 'கழுகுக்கண்' என்று ஒரு பட்டப்பெயர், வீட்டுக்கும் தெரிந்ததுதான். அதில்தான் செய்தி போயிற்று. ஆனால் ஓட்டை சொன்னவர் யாரென்று குழு வெளியே சொன்னது இதுவரை கிடையாது. அனுப்பிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து வழித்துச் சாப்பிட்டார். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் பசித்தது.

அடுத்த வாரம் சின்னவன் போன் செய்தான். குரலில் மூச்சு வாங்கியது.

"அண்ணே, மயிரிழைல தப்பிச்சேண்ணே! யாரோ ஒரு புண்ணியவான் என் அட்டையில ஓட்டை இருக்குன்னு எழுதிப் போட்டிருக்கார். தூக்கிடலாம்னுதான் இருந்தாங்களாம். ஆடிப் பார்த்த ஜனங்க விடலையாம். ஒரு சுற்றுல ஒரு முறை மட்டும்னு அவங்களே ஒரு வரி சேர்த்துட்டாங்க. எப்ப எழுப்பணும்னு யோசிச்சு யோசிச்சு ஆட வேண்டியிருக்கு, இப்பதான் ஆட்டம் சூடு பிடிக்குதுங்கறாங்க!"

புண்ணியவான் போனை அடுத்த காதுக்கு மாற்றினார்.

"ரொம்ப சந்தோஷம்," என்றார். போனை வைத்துவிட்டுத் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்திருந்தார். காவலாளி ஜெயித்தும்விட்டான்.

அச்சான கட்டு வந்த அன்று எல்லாரும் மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவன் கட்டைப் பிரித்துக் காவலாளி அட்டையை எடுத்து மாமனார் கையில் கொடுத்தான். மாமனார் தடவிப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார், மூக்கிற்கு நேரே வைத்துப் பார்த்தார்.

"அடியில ஏதோ பொடி எழுத்தா இருக்கே, ஒண்ணும் தெரியலை. மாப்ளே, நீங்கதான் கண்ணாடிக்காரர், சத்தமாப் படிங்க."

பெரியவர் வாங்கினார். சின்னவன் பெயரைப் படித்தார். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதைப் பார்த்ததும் அதன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதான்," என்றார்.

"இன்னொரு வரி இருக்கே?" என்று அவர் மனைவி அட்டையைப் பிடுங்கிப் போனில் படமெடுத்துப் பெரிதாக்கினாள். "ஓட்டையைச் சுட்டிக்காட்டி உதவியவர்: கழுகுக்கண். அட, இது நீங்கதானே!"

அவ்வளவுதான், வீடே ரெண்டுபட்டது. மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தியாடி, கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பண்ண மாட்டான். சத்தமே இல்லாம சகலைக்கு எவ்வளவு பண்ணியிருக்கார்!"

மாமனார் அவர் முதுகில் தட்டினார். "பெருந்தன்மைங்கறது இதுதான்," என்று சின்ன மகளிடம் வேறு சொன்னார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார் பெரியவர். அத்தனை வருஷம் ஆசைப்பட்ட மாதிரியே அவர் பெயர் அந்தக் கட்டில் வந்துவிட்டது. எத்தனை ஆயிரம் அட்டை அச்சாகிறதோ அத்தனையிலும் அது இருக்கும். நிமிர்ந்து பார்த்தார். கூடத்தில் சிரிக்காமல் இருந்தது சின்னவன் ஒருத்தன்தான். அவன் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது சின்னவன் படிக்கட்டு வரை கூடவே வந்தான். பெண்கள் பேசிக்கொண்டே முன்னால் இறங்கினார்கள்.

"கடையில நான் காட்டினப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, இல்லண்ணே? அப்புறமாத்தான் கண்ணுல பட்டிருக்கும்."

தப்பிக்க வழியை அவனே திறந்து வைத்துவிட்டான். பெரியவர் நுழைந்துகொண்டார்.

"ஆமா, ஆமா. அப்புறம்தான்."

சின்னவன் தலையாட்டினான். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"அடுத்த வருஷத்துக்கு ஒண்ணு வரைஞ்சிருக்கேன். தப்பு ஏதாவது இருந்தா," என்று நிறுத்தினான். "இந்தத் தடவை என்கிட்டயே சொல்லிடுங்கண்ணே."

பெரியவர் தலையைத் தூக்காமல் தாளைப் பிரித்தார். சாவியை விழுங்கிவிட்ட ஒரு மீன், திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தது. காவலாளியைவிட நன்றாக இருந்தது. கீழே ஒரே வரி: 'மீனைப் பிடித்தவர் ஒரு வாசலைத் திறக்கலாம்.' கடன்காரன், எங்கிருந்துதான் இவனுக்கு இதெல்லாம் தோன்றுகிறதோ! வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"வர்றீங்களா இல்லையா?" என்று கீழேயிருந்து அவர் மனைவி கூப்பிட்டாள்.

"வரேன், இரு." பெரியவர் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாளை அவனிடம் நீட்டினார்.

"யாரோட வாசல்னு போடலையே. அதையும் போடு."