மூன்றாவது முறை கூப்பிடாத வரை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சீனாவின் தென்கரையில், சுவான்சௌ ஊரில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு. மேட்டில் ஒரு பழைய கல்லறை. பதினாறு வருஷமாக அதைச் சுற்றிக்கொண்டுதான் சந்தைக்குப் போய்வருகிறேன். போன மாதம் பக்கத்து வீட்டு மெய்சூன் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

“அதுக்குள்ள ஆளு கிடையாது. ஒரு சட்டைதான் இருக்கு. யாரோ கவிஞரோடதாம்.”

“அப்ப ஆளு எங்க செத்தார்?”

“செத்தாரோ என்னவோ. செத்திருக்கணும்னு எல்லாருக்கும் ஆசை.”

சொல்லிவிட்டு அவள் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் நிம்மதி போனது.

2

முதல் தொடக்கம்: ‘தலைநகரம் பற்றி எரிந்த அன்று கவிஞர் யான் ஷுஹெங் —’

(எரியவில்லை. சண்டையே போடாமல் சரணடைந்தது. அடித்துவிடுகிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: ‘கூண்டு வண்டி வடக்கே உருண்டது. உள்ளே இருந்த கவிஞரின் கண்களில் தீ —’

(கண்களில் தீயாம். வெட்கமாக இருக்கிறது.)

நேராக விஷயத்துக்கே வருகிறேன். எழுநூறு வருஷத்துக்கு முன் வடக்கிலிருந்து வந்த மங்கோலியப் படை சீனத்தின் சோங் அரசை விழுங்கிவிட்டது. பணிவதைவிடச் சாவது மேல் என்று பாட்டெழுதியவர் யான் ஷுஹெங். அதைப் பாடிக்கொண்டே இளைஞர்கள் போய்ச் செத்தார்கள். பாடியவர்கள் செத்தார்கள், எழுதியவர் உயிரோடு பிடிபட்டார். புது அரசர் அவருக்குப் பதவி தர ஆசைப்படுகிறார் என்று பேச்சு. அவர் அதை ஏற்றுக்கொண்டுவிடுவாரோ என்று அவருடைய மாணவர்கள் பயந்தார்கள்.

எனவே உயிரோடு இருந்தவருக்கு இரங்கற்பா எழுதினார்கள். அவரைக் கைதியாக வடக்கே கொண்டுபோகும் கூண்டு வண்டியின் வழியிலுள்ள சத்திரச் சுவர்களில் ஒட்டினார்கள், அவர் கண்ணில் படட்டும், படித்துவிட்டுத் தானே உயிரை விடட்டும் என்று. பிறகு அவர் மனைவி ருயிலானிடம் வந்தார்கள்.

3

அந்தக் காலச் சாவுச் சடங்கு இது: இறந்தவரின் சட்டையோடு கூரைமேல் ஏறி, வடக்கே பார்த்து, திரும்பி வா என்று மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால்தான் ஒருவர் செத்தவர். அதற்குப் பிறகே மற்ற சடங்கெல்லாம்.

“ஏறுங்கம்மா,” என்றான் மூத்த மாணவன் பாங் துவோ.

“உசுரோட இருக்கற மனுஷனுக்காடா?”

“அவர் போய்த் தலை குனிஞ்சுட்டா அந்தப் பாட்டுக்கு என்னம்மா மரியாதை? என் தம்பி அதப் பாடிக்கிட்டேதான் போனான்.”

“பாட்டையா நான் கட்டிக்கிட்டேன்?”

ஆனாலும் ஏறினாள். பாங் துவோவுக்காக அல்ல. கூப்பிட்டால் பதில் வரலாம். வந்துவிட்டால் சடங்குப்படியே அவர் உயிரோடிருப்பவர், எவனும் அவரைப் புதைக்க முடியாது. அந்த நப்பாசைதான்.

(இங்கே எனக்கு ருயிலான்மேல் ஒரு சந்தேகம். ஏழு வருஷமாக வீட்டுப்பக்கமே வராத மனிதர்மேல் அவளுக்கு இன்னும் ஆசை இருந்ததா? இருந்தது என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் அவள் ஏற மாட்டாள்.)

பட்டப்பகல். முதல் முறை கூப்பிட்டாள். ஒன்றுமில்லை; காலுக்குக் கீழே ஓடுகள் சுட்டன. இரண்டாவது முறை கூப்பிட்டாள். கையிலிருந்த சட்டை திடீரென்று கனத்தது. கீழே, ஆளில்லாத வீட்டுக்குள், யாரோ இருமினார்கள். கவிதை வாசிக்கும் முன் அவர் இருமுவாரே, அதே வறட்டு இருமல்.

முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“கேட்டுச்சாடா?”

“ஒண்ணும் கேக்கலையேம்மா.” பாங் துவோ தரையைப் பார்த்தபடியே சொன்னான். “மூணாவதையும் கூப்பிட்ருங்க.”

அவள் இறங்கப் பார்த்தாள். முன்பக்கமாக ஏறியவர் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகுதான் பின்பக்கம் ஏணி சாத்துவது வழக்கம். முன்பக்க ஏணியை எடுத்திருந்தார்கள்.

4

இருமல் என் திட்டத்தில் இல்லை. மூன்றாவது அழைப்பு, மௌனம், சட்டை, கல்லறை என்றுதான் வைத்திருந்தேன். இருமலை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். முதல் அழைப்பிலேயே வந்தது. அதையும் அடித்தேன்; அவள் ஏணியில் கால் வைக்கும்போதே வந்தது. பயந்துபோய் முதல் பிரதிக்கே திரும்பிவிட்டேன்.

முடிவு அ: அவர் புது அரசரிடம் பணிந்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் பின்வாசல் வழியாக வீடு வந்திருக்கிறார். முற்றத்தில் சவப்பெட்டி தயாராக இருக்கிறது. மாணவர்கள் பன்னிரண்டு பேர், கதவை —

(வேண்டாம்.)

முடிவு ஆ: அதே நொடியில் வடக்கே அவர் தலை விழுந்தது. வந்திருப்பது ஆவி.

ஆ எனக்குப் பிடித்திருக்கிறது. கம்பீரமாக இருக்கிறது, பத்திரிகையிலும் போடுவார்கள். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது: பாங் துவோவைப் போலவே நானும் அவர் சாவுக்காகக் காத்திருக்கிறேன். அவனாவது தம்பியைப் பறிகொடுத்தவன். எனக்கு வேண்டியது ஒரு நல்ல முடிவு, அவ்வளவுதான். அசிங்கமாக இருக்கிறது.

(கல்லறை இருக்கிறதே, அப்படியானால் அவள் மூன்றாவது முறையும் கூப்பிட்டிருக்க வேண்டுமே என்பீர்கள். ஒரு சட்டையைப் புதைக்க மூன்று அழைப்பு எதற்கு? பன்னிரண்டு பேர் ஒரே பொய்யைச் சொன்னால் போதாதா?)

5

ருயிலான் இன்னும் கூரைமேல்தான் நிற்கிறாள். மூன்றாவது முறை கூப்பிட மாட்டேன் என்கிறாள். வீட்டுக்குள் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறது.

“யாராவது உள்ள போய்ப் பாருங்களேன்டா! அவருக்குப் பசிக்கும்டா!”

மாணவர்கள் அசையவில்லை. நானும் போக மாட்டேன். போனால் பார்த்ததை எழுத வேண்டியிருக்கும். கதவைத் தாழிடவில்லை. நீங்கள்தான் அதற்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.