மந்திரித்த எண்ணெய்

அண்ணன் டேவிஸுக்குச் சித்தம் கலங்கியதிலிருந்து ஜோவிதாவால் வீட்டில் நிம்மதியாகச் சிரிக்க முடியவில்லை. எதையோ நினைத்துச் சிரித்தால் அம்மா மோலி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். சிரிக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாலும் எட்டிப் பார்ப்பாள். டேவிஸுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. மண்டி மொஹல்லாப் பேட்டையின் அந்த இரண்டு அறை வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் அம்மாவின் பார்வை முதுகில் வந்து படும்.

அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. பெற்ற பிள்ளை கண்ணெதிரே வேறு ஆளாகிப் போனதைப் பார்த்தவள், மிச்சமிருக்கும் பிள்ளையைக் காவல் காக்கத்தான் செய்வாள். ஆனால் காவலுக்குள் இருப்பவளுக்கு அது சிறைதான்.

அந்தச் சிறையில் ஜோவிதா ஒன்றை ஒளித்து வைத்திருந்தாள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவ்வப்போது யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். குழாயடியில் துணி அலசும்போது, 'ஜோவி' என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் ஆளிருக்காது. தினமும் இல்லை, ஆனால் என்றைக்கு வரும் என்ற பயம் தினமும் இருந்தது.

டேவிஸுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் உமாதேவிதான் பரிசோதனைப் பேச்சை எடுத்தார். இந்த நோய் உள்ள குடும்பங்களில், நோய் வராத அண்ணன் தம்பி அக்கா தங்கைகளின் மூளை ஒலிகளை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. ஜோவிதாவுக்குச் சம்மதமானால் வரலாம், கட்டாயமில்லை என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் அப்பா எலியேசர் சம்மதம் சொல்லிவிட்டார். ஜோவிதாவுக்குப் பேசியிருந்த நஞ்சன்கூட்டு மாப்பிள்ளை வீட்டார் டேவிஸின் கதையைக் கேள்விப்பட்டு இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் மூளையில் குறையில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் கொடுத்தால், பங்குச் சாமியார் மூலமாக அதை அனுப்பி அவர்கள் வாயை அடைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆராய்ச்சி என்ற சொல் அவர் மனதில் தங்கவேயில்லை.

ஜோவிதாவுக்கோ, தலைக்குள் இருப்பது கருவியின் திரையில் தெரிந்துவிடுமோ என்ற கவலை. போகமாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். போனால் தெரிந்துவிடும்.

தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். அப்படியே குளித்துக் கிளம்பினாள். வாசலில் மோலி, மாதா திருவிழாவில் மந்திரித்து வாங்கிய எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு காத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல ஜோவிதாவுக்கு நா எழவில்லை. டேவிஸ் முதன்முதலில் ஒதுக்கியது ஜெபத்தைத்தான். இவளும் தலையை விலக்கினால் அம்மா அதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்று அவளுக்குத் தெரியும். குனிந்து நின்றாள். உச்சியில் வைத்து, மந்திரம் போல் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே, மோலி காது வரைக்கும் தேய்த்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஜன்னல் இல்லாத சின்ன அறை. தலை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். ஒரே மாதிரி மெல்லிய ஒலி வந்துகொண்டிருக்கும், நடுவில் எப்போதாவது உச்ச சுருதியில் ஒன்று வரும், அப்போது மட்டும் பொத்தானை அழுத்தணும் என்று சொல்லிவிட்டு, கருவியைப் பார்த்துக்கொள்ளும் பசவராஜ் அவள் காதுகளில் ஹெட்போனை மாட்டினார். எழுந்து ஓடவும் வழியில்லை; ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு கயிறு கட்டினாற்போல் இருந்தது. ஒலி சொட்டுச் சொட்டாக விழுந்தது. இரண்டு சொட்டுக்கு இடையில் தன் பெயர் வந்துவிடுமோ என்று அவள் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள்.

பசவராஜ் நிறுத்தினார். மறுபடி ஓட்டினார். மறுபடி நிறுத்தினார். கோடெல்லாம் கண்டபடி குதிக்கிறது என்று கன்னடத்தில் முணுமுணுத்தபடி டாக்டரைக் கூப்பிடப் போனார்.

ஆக, தெரிந்துவிட்டது. டேவிஸ் மூலையில் குந்தி உட்காரும் கோலம் கண்முன் வந்தது. அந்த மூலையில் இன்னோர் ஆளுக்கும் இடமிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வந்த உமாதேவி திரையைப் பார்க்கவில்லை; அவள் வகிட்டைத் தொட்டு விரலைப் பார்த்தார். எண்ணெய் இருந்தால் ஒயர் பிடிக்காதும்மா, கோடு குதிக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு, ஆயா மாதம்மாவிடம் தலையை அலசிவிடச் சொன்னார்.

மாதம்மா கொள்ளேகாலத்துப் பக்கம். வார்டிலிருந்து ஒரு வாளி வெந்நீர் வாங்கிவந்து பதமாக விளாவினாள். குனியத் தயங்கிய ஜோவிதா, இது மந்திரித்த எண்ணெய் என்றாள்.

"அதனாலென்ன கண்ணு. சாமி எண்ணெயோட போயிருவாருங்களா? குனி."

வெந்நீர் தலையில் இறங்கியது. முரட்டு விரல்கள், ஆனால் நோகாமல் தேய்த்தன. எதையும் தேடாத கை ஒன்று தன் தலைமேல் பட்டு வெகுகாலமாயிற்று என்பது அப்போதுதான் ஜோவிதாவுக்குத் தெரிந்தது. தண்ணீரோடு அழுகையும் வந்தது. வீட்டில் அழக்கூட முடியாதவள், இங்கே நன்றாக அழுதாள். மாதம்மா ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு யாரோ கூப்புடுற மாதிரி கேக்குது."

ஊற்றும் கை நிற்கவில்லை. "என்ன சொல்லிக் கூப்புடுது?"

"என் பேரு மட்டும்."

"டாக்டரம்மாகிட்டச் சொல்லிப் போடு கண்ணு. நான் பக்கத்துல வந்து நின்னுக்கறேன்."

வேலை தலைக்குமேல் கிடந்தும், சொன்னபடி வந்து நின்றாள். உலகத்தில் தேவன் பல காரியங்களை இப்படிப்பட்டவர்களை நிற்கவைத்தே நடத்திக்கொள்கிறார்.

இரண்டாம் தடவை கோடுகள் ஒழுங்காக ஓடின. முடிந்ததும் எலியேசர் உள்ளே வந்து தாளைக் கேட்டார். உமாதேவி பொறுமையாகச் சொன்னார்: இந்த மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேரைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், மற்றவர்களோடு ஒரு சின்ன வித்தியாசம் தெரிகிறது, ஆனால் ஒரு பெண்ணின் கோட்டை வைத்து இவளுக்கு வரும், வராது என்று யாராலும் சொல்ல முடியாது.

"அப்போ மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்னத்தக் காட்டுறது மேடம்?"

ஜோவிதா மாதம்மாவைப் பார்த்தாள். மாதம்மா ஈரத் துண்டை மடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள்.

"அப்பா, எனக்குக் குரல் கேக்குது," என்றாள்.

எலியேசர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர்தான் பேசினார். எப்போது, எப்படி, தூக்கம் எப்படி என்று நிதானமாகக் கேட்டார். இது நிறையப் பேருக்கு வந்து தானே போவதுண்டு, சிலருக்குப் போகாமல் தங்குவதுமுண்டு, எதுவானாலும் மாதாமாதம் வந்து பேசு, ஒளிக்காமல் இரு, அதுதான் இப்போதைக்கு மருந்து என்றார். தாள் கிடைக்கவில்லை. நஞ்சன்கூட்டுச் சம்பந்தம் இனி நிலைக்காது என்பது அப்பாவுக்கும் மகளுக்கும் புரிந்தது.

அப்பாவும் மகளும் பஸ்ஸில் திரும்பினார்கள். மார்க்கெட் அருகே வண்டி நெரிசலில் நின்றது. உள்ளே ஒரே புழுக்கம். முன்னும் போக முடியாது, இறங்கவும் முடியாது. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அப்பாவின் பார்வை முதுகில் படுவதை உணர்ந்தாள். இனி இரண்டு ஜோடிக் கண்கள் என்று நினைத்தாள்.

எலியேசர் அவள் பக்கம் குனிந்தார்.

"இப்ப கேக்குதாம்மா?"

இதுவரை அந்த வீட்டில் யாரும் அவளைக் கேட்டதில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

"இல்லப்பா," என்றாள். "கேட்டா சொல்றேன்."