மீட்டர் காட்டிய அறுபது

கரை ஏறுவதற்கு முன்பே ரெய்யோ அதைப் பார்த்துவிட்டான். அண்ணன் வீட்டு முற்றத்தில் ஹெல்கா கொடிக்கம்பத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கோட்டுகூடப் போடவில்லை. நீலச் சிலுவைக் கொடி உச்சிக்குப் போகாமல் பாதியில் நின்றது. சாவு விழுந்த வீட்டில்தான் அப்படி நிற்கும். உறைந்த ஏரியின் விளிம்பில், நாணல்கள் பனிக்கு மேல் தலை நீட்டியிருந்த இடத்திலேயே, அவன் பனிவண்டியை நிறுத்தினான்.

எஞ்சினை அணைத்த பிறகும் காதில் இரைச்சல் ஓயவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மேட்டில் ஏறினான்.

"எப்போ அண்ணி?"

"பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்போ." ஹெல்கா முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். "மூச்சு வாங்கிட்டே இருந்தார். அப்புறம் வாங்கலே. அவ்வளவுதான்."

இப்போது மணி பத்து இருபது.

"எட்டரைக்குக் கிளம்பறேன்னு போன் பண்ணினியே, வழியிலே ஏதாவது ஆச்சா?" அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை.

"ஈரப்பனி," என்றான் ரெய்யோ. "மேலே பனி, அடியிலே தண்ணி. வண்டி உக்காந்துடுச்சு. இழுத்து எடுக்கறதுக்குள்ளே..."

ஹெல்கா தலையசைத்தாள். "உள்ளே வா. உறைஞ்சு போயிருப்பே."

ஈரப்பனி எதுவும் இல்லை. மார்ச் மாத ஏரி தார்ச்சாலை மாதிரி இறுகிக் கிடந்தது. பாதி வழியில் ஒரு தீவு, அதில் மீனவர்கள் ஒதுங்கும் குடிசை. அங்கே அவன்தான் வண்டியை நிறுத்தினான். ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டு, அண்ணனிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐம்பது நிமிடம்.

இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அண்ணன் கலெர்வோ முப்பத்து நாலு வருடம் சாலையில் பனி அள்ளும் லாரி ஓட்டியவன். எப்போதும் ஊர்ந்துதான் போவான். பின்னால் வரிசையாகக் கார்கள் ஹாரன் அடிக்கும். ஓய்வு பெற்றதும் ஊரிலேயே பெரிய எஞ்சின் போட்ட பனிவண்டி ஒன்றை வாங்கினான். வசந்தகால மீன்பிடிப் போட்டி நாளில், ஏரி நடுவே காபிக் கூடாரத்தில் எல்லோர் முன்பும் சொன்னான்: "நூத்தி அறுபத்து மூணு கிலோமீட்டர் வேகம்! மீட்டர்லே என் கண்ணாலே பாத்தேன்."

பனிப்பாதைகளுக்குக் குறிக்கம்பு நடுவது ரெய்யோவின் வேலை. ஜி.பி.எஸ். கருவி சட்டைப் பையிலேயே இருந்தது. "கட்டிப் பாத்துடுவோமே அண்ணே," என்று கைப்பிடியில் கட்டிவிட்டான்.

கலெர்வோ முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வந்தபோது கருவி காட்டியது நூற்று நாற்பத்தாறு.

"பதினேழு கிலோமீட்டரை வழியிலே தவற விட்டுட்டே போல, கலெர்வோ! போய்ப் பொறுக்கிட்டு வா!" என்றார் ஒரு கிழவர். கூடாரமே சிரித்தது. ரெய்யோவும்தான். சிரித்ததோடு விட்டிருக்கலாம். வண்டிக்கு அடியில் ஓடும் ரப்பர் பட்டை பனியில் வழுக்கிச் சுற்றுவதையும் மீட்டர் வேகமாகவே எண்ணும், தொழிற்சாலையிலேயே கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார்கள், எல்லா வண்டியும் பொய் சொல்லும் என்று பொறுமையாக விளக்கினான்.

"உன்னை யாருடா கேட்டா?" என்றான் கலெர்வோ. மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. போன இலையுதிர்காலத்தில் நுரையீரலில் புற்று என்று தெரிந்தபோது ரெய்யோ புகையில் வாட்டிய மீனைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். தான் போகவில்லை. உண்மையைச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு என்று கேட்டுக்கொண்டே குளிர்காலத்தைக் கழித்தான். நேற்று மாலை ஹெல்கா கூப்பிட்டு, "உன்னைக் கேக்கறார்," என்றாள். "காலையிலே வர்றேன் அண்ணி," என்றான்.

சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. திறந்திருந்த அறைக்கதவு வழியே கட்டிலின் கால்மாடு தெரிந்தது.

"பூட்ஸைக் கழட்டு. கால் நனைஞ்சிருக்கும்." ஹெல்கா அடுப்புக்கு மேலே கொடியில் கிடந்த கலெர்வோவின் கம்பளிக் காலுறைகளை எடுத்து வந்தாள்.

அவன் கழற்றினான். காலுறை காய்ந்திருந்தது. பூட்ஸின் உட்புறமும் அப்படியே. ஹெல்கா ஒரு கணம் பார்த்தாள். கையிலிருந்ததைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுக் காபி ஊற்றப் போனாள்.

"உன் போன் வந்ததும் கண்ணைத் திறந்தார்," என்றாள், முதுகு காட்டியபடியே. "படுத்த படுக்கையிலேயே கணக்குப் போட்டார். 'தூரம் அம்பத்து நாலு கிலோமீட்டர். அவன் மீட்டரைப் பாத்து அறுபதுலே வருவான். மீட்டர் அறுபதுன்னா நிஜத்துலே அம்பத்து நாலு. சரியா ஒன்பதரைக்கு வந்துடுவான்'னார். தலையணையை உயர்த்திவைக்கச் சொன்னார். ஜன்னல் வழியா ஏரி தெரியணுமாம். தலை வாரிவிட்டேன்."

"நிஜத்துலேன்னா... அண்ணனா அப்படிச் சொன்னார்?"

"போன வருஷமே ஒரு ஜி.பி.எஸ். வாங்கிட்டாரே. தனியாப் போய் ஓட்டிப் பாத்துட்டு வந்து, 'பய சொன்னது சரிதாண்டி'ன்னு சிரிச்சார்."

"எங்கிட்டே சொல்லலையே."

"நீ வரலையே."

காபிக் கோப்பையை அவன் முன்னால் வைத்தாள்.

"ஒன்பதரைக்கு மேலே மணி கேக்கலே," என்றாள். "ஜன்னலையே பாத்துட்டு இருந்தார்."

ரெய்யோ கோப்பையைத் தொடவில்லை. காலுறை அணிந்த காலால் தரையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, ஈரப்பனியெல்லாம் இல்லே. தீவுக் குடிசையிலே உக்காந்திருந்தேன். வந்து என்ன பேசறதுன்னு தெரியலே."

அடுப்பில் ஒரு விறகு சரிந்தது. ஹெல்கா மேசைத்துணியின் ஓரத்தை நீவி நேராக்கினாள். மறுபடியும் நேராக்கினாள்.

"ஒண்ணும் பேசியிருக்க வேண்டாம்," என்றாள் கடைசியில். "அவரே பேசியிருப்பார்."

பிறகு எழுந்தாள். "நர்ஸ் ரோட்டு வழியாச் சுத்திட்டு வர ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ளே சட்டை மாத்தணும். என்னாலே தனியா முடியாது. நீ தோளைப் பிடி."

அறையில் தலையணைகள் இன்னும் உயரமாகவே இருந்தன. ரெய்யோ கைகளைக் கொடுத்துத் தூக்கினான். அத்தனை பெரிய ஆள் இப்போது கனமே இல்லை. தலை அவன் கழுத்தோரம் சாய்ந்தது. சீப்பின் தடம் முடியில் கலையாமல் இருந்தது. ஹெல்கா வெள்ளைச் சட்டைக்குள் கைகளை ஒவ்வொன்றாக நுழைத்தாள். ஒரு பட்டனை மாற்றிப் போட்டுவிட்டு, அவிழ்த்துத் திரும்பவும் போட்டாள். மெல்லப் படுக்கவைத்தார்கள். சாவு விழுந்த அறையில் செய்யும் வழக்கப்படி அவள் ஜன்னலைக் கையகலத்துக்குத் திறந்து வைத்துவிட்டு, பாதிரியாருக்கு போன் செய்ய வெளியே போனாள்.

குளிர் உள்ளே வந்தது. ரெய்யோ கட்டில் அருகே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குனிந்து, போர்வையை அண்ணனின் மோவாய்வரை இழுத்துவிட்டான். ஒரு கை வெளியே கிடந்தது. அதையும் எடுத்துப் போர்வைக்குள் வைத்தான்.