ஆளுக்கு ஒரு விருந்தாளி

ஞாயிறு பள்ளி டீச்சருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். அன்று மத்தியானம் சபை மண்டபத்து வாசலில் மூக்கு எப்போதோ சிவந்துவிட்டது. வாய்தான் திறக்கவில்லை. எதிரே நின்றது கூடப் பிறந்த அண்ணன். அவர்தான் சபைச் செயலாளர்.

விஷயம் இதுதான். வருஷத்துக்கு ஒருமுறை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மண்டபத்தில் விருந்து நடக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அழைப்பு அட்டை. பிள்ளை தனக்குப் பிடித்த ஒருவரைக் கூட்டி வரலாம் என்பது பேச்சு. ஆனால் அட்டை எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் மேலதிகாரிக்குப் போகும், இல்லாவிட்டால் கார் வைத்திருக்கிற பெரியம்மாவுக்குப் போகும். இந்த வருஷம் டீச்சர் சும்மா இருந்திருக்கலாம். "நம்மளைத் திருப்பிக் கூப்பிட முடியாத ஒருத்தரைக் கூப்பிடுங்க, இயேசு அப்படித்தான் சொன்னாரு" என்று பாடம் நடத்திவிட்டாள். கூப்பிட்ட பிள்ளைக்குச் சட்டையில் தங்கக் காகித நட்சத்திரம் ஒன்றையும் குத்திவிட்டாள். யாரைக் கூப்பிட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாடம்தானே!

பிள்ளைகளுக்கு அது பாடமாக மட்டும் இருக்கவில்லை. பதினோரு பேரும் சொன்னபடி செய்துவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் செருப்பு தைப்பவர் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சீருடையைத் துவைத்து மாட்டியிருந்தார். முன்னால் நின்றது இதே மண்டபத்தின் கழிவறையை ஏழு வருஷமாகக் கழுவுகிற அம்மா. முன்வாசல் வழியாக வந்தது அன்றுதான் முதல் தடவை. அவரைக் கூப்பிட்டவள் எட்டு வயதுச் சிறுமி. கேள்வி கேட்க ஆரம்பித்தால் விடமாட்டாள் என்பதால் குட்டி வக்கீல் என்று பெயர்.

செயலாளர் அந்த அம்மாவின் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கையெழுத்து அவருடையதுதான்.

"இதை யாரு குடுத்தா?"

"பாப்பா குடுத்துச்சுங்க ஐயா."

"சரி சரி." அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்கல்லாம் பின்பக்கம் போய் நில்லுங்க. எல்லாரும் சாப்பிட்டதும் பொட்டலம் கட்டித் தரச் சொல்றேன்."

பொட்டலமாம்! அழைத்து வந்த விருந்தாளிக்குப் பொட்டலமாம்!

டீச்சர் அவரை ஓரமாக இழுத்தாள். "அண்ணா, அட்டை இருக்குல்ல?"

"இருந்தா? பக்கத்துல யாரு உக்காருவா? பெரிய மனுஷங்க வந்திருக்காங்க. என் மானத்தை வாங்காதே."

"நான்தான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

"அது பாடம்மா. இது விருந்து."

இதற்கு அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன செய்தாள் தெரியுமா? அண்ணனுக்குப் பயந்து குட்டி வக்கீலிடம் குனிந்து, "கண்ணு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா" என்றாள். நாக்கு கூசாமல் சொன்னாள்.

குட்டி வக்கீல் சட்டையிலிருந்து நட்சத்திரத்தைக் கழற்றி டீச்சரின் உள்ளங்கையில் வைத்தாள். "அப்ப இது பொய்யா டீச்சர்?"

கழிவறை கழுவுகிற அம்மா பதறிப்போனார். "விடு பாப்பா. எனக்குத்தான் பின்வாசல் பழக்கமாச்சே, நான் போயிக்கிறேன்." அட்டையை இரண்டு கையாலும் டீச்சரிடம் நீட்டினார். ஓரம்கூட மடங்காத அட்டை. ஒரு வாரமாக எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாரோ.

அப்போதுதான் டீச்சருக்கு வாய் திறந்தது.

"நில்லுங்கம்மா! ஒருத்தரும் நகரக் கூடாது! அண்ணா, ஏழு வருஷமா நம்ம அசிங்கத்தைக் கழுவுறாங்க. அவங்க கழுவின இடத்துல உக்காருவே, அவங்க பக்கத்துல உக்கார மாட்டியா? வெக்கமா இல்லை? எனக்கு வெக்கமா இருக்கு. இந்தப் பிள்ளை மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் விறுவிறுவென்று நடந்து, முதல் மேசையில் செயலாளருக்கென்று போட்டிருந்த நீள பெஞ்சில் உட்கார வைத்தாள். செருப்பு தைப்பவரும் வாட்ச்மேனும் மற்றவர்களும் தங்கள் அட்டையைச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தார்கள். பிள்ளைகள் தள்ளித் தள்ளி இடம் பண்ணிக்கொடுத்தார்கள். கார் வைத்திருந்த ஒரு குடும்பம் எழுந்து போனது. போகட்டும், யார் தடுத்தார்கள்!

குட்டி வக்கீல் டீச்சர் முன்னால் வந்து கையை நீட்டினாள். "நட்சத்திரம்."

டீச்சர் கொடுத்தாள். கோபம் அண்ணன் மேல் பாதி, தன் மேல் பாதி.

செயலாளர் மண்டபத்தின் நடுவில் நின்றார். கை நிறைய அட்டை, உட்கார இடமில்லை. கழிவறை கழுவுகிற அம்மா சற்று நகர்ந்து பெஞ்சைத் தட்டினார். "இங்க இடம் இருக்கு, உக்காருங்க ஐயா."

அவர் உட்காரவில்லை. எல்லோரும் பார்க்க முன்வாசல் வழியாகப் போகவும் முகமில்லை. விடுவிடுவென்று பின்வாசலுக்குப் போய்க் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

"இழுக்கணும் ஐயா" என்றார் அந்த அம்மா.